தேனிலவில் ஓட்டம் எதற்கு?

என் தம்பிக்குப் போன மாதம் கல்யாணம். மூன்று நாள் ஊட்டிப் பயணத்துக்குப் பத்து இடங்களைப் பட்டியல் போட்டிருந்தான். "இதுவரை போன்ல பேசினதோட சரி. நேர்ல எப்படா பேசிக்கப் போறீங்க?" என்று கேட்டு, நானே திட்டம் போட்டுக் கொடுத்தேன்.

முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில். 46 கிலோ மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். குகை, பாலம், காடு எல்லாம் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். அன்று வேறெதுவும் வேண்டாம். மறுநாள் காலையில் தாவரவியல் பூங்கா, 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா. மதியத்துக்கு மேல் ஓய்வு. மூன்றாம் நாள், அவள் ஆசைப்படும் ஒரே ஓர் இடம்.

ஊர் திரும்பியதும், "அவர் இவ்வளவு பேசுவார்னு எனக்குத் தெரியவே தெரியாது அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

பிள்ளைகளுக்குப் பயணத் திட்டம் போடும் தோழிகளே, மலை ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். கூடவே, பேசவும் நேரம் ஒதுக்குங்கள்!

- ஒரு வாசகி, ஈரோடு.