நித்தியகல்யாணி புற்றணுவை எப்படி நிறுத்துகிறது?

நந்தவனத்திலும் வேலியோரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் அதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். 1952-இல் அங்கிருந்து கனடா வந்த இலைகளை ஆய்வாளர் ராபர்ட் நோபிள் எலிகளிடம் சோதித்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால், சாற்றை ஊசியில் ஏற்றியபோது வெள்ளை அணுக்கள் சரிந்தன. அவை கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! அவரும் சார்லஸ் பீரும் அதற்குக் காரணமான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தார்கள். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து.

செல் இரண்டாகப் பிரியும்போது டியூபுலின் என்ற புரதம் நுண்குழல்களாகக் கோத்துக்கொண்டு, குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும். மருந்து டியூபுலினைப் பற்றிக்கொள்கிறது. குழல் அமையாது, பிரிவு பாதியில் நின்று செல் மடிகிறது. நரம்புகளுக்கும் இந்தக் குழல்கள் வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போவது அதனால்தான்.

செடிக்கு ஏன் இந்த நஞ்சு? இலை தின்னும் பூச்சிகளை விரட்டத்தான். அதன் இரு பாதிகளையும் செடி தனித்தனியே வைத்திருப்பது எனக்குத் தீராத வியப்பு: கேதரந்தின் இலையின் மேல்மெழுகில், விண்டோலின் உள்ளே. இரண்டும் இணைந்தால்தான் வின்பிளாஸ்டின். அதனால் இலையில் அது மிகச் சொற்பம். ஒரு கிராமுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும்.

இது மருத்துவமனையில் அளந்து, ரத்தக்குழாய் வழியே ஏற்றும் மருந்து. தயவுசெய்து வீட்டில் இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள்.