ஆங்கில உரையாடலில் கருத்துரைச் சொற்கள்

ஒரு செய்தியைச் சொல்லும்போதே, அச்செய்தியைப் பற்றிப் பேசுபவர் என்ன நினைக்கிறார், அதை எந்த மனநிலையில் சொல்கிறார் என்பதைக் காட்டும் ஆங்கிலச் சொற்களையும் தொடர்களையும் கருத்துரைச் சொற்கள் எனலாம். ஃபிராங்க்லி, ஆக்சுவலி, லக்கிலி, அப்பேரண்ட்லி, ஐ திங்க், யூ நோ முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. ராண்டால்ஃப் குவர்க், சிட்னி கிரீன்பாம், ஜெஃப்ரி லீச், யான் ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கண நூல், இவ்வாறு வரும் வினையடைகளை 'டிஸ்ஜங்க்ட்' என்றும், ஐ திங்க் போன்ற சிறு வாக்கியங்களை 'காமென்ட் கிளாஸ்' என்றும் அழைக்கிறது.

தமிழருக்கு இது புதிய பொருளன்று. "நல்லவேளை, பஸ் கிடைத்தது" என்பதில் 'நல்லவேளை' செய்யும் வேலையே லக்கிலி செய்வதும். "வீட்டை விற்றுவிட்டாராம்" என்பதிலுள்ள 'ஆம்' என்னும் ஈறு, நேரில் கண்டதன்று, கேள்விப்பட்டது என்று காட்டுகிறது. அப்பேரண்ட்லி ஏறத்தாழ அதற்கு ஒப்பானது. அகராதிப் பொருளை மட்டும் மனப்பாடம் செய்து இச்சொற்களைக் கையாளும்போதுதான் சிக்கல் வருகிறது.

முதலில் சொல் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். "ஃபிராங்க்லி, ஷி டிட் நாட் ஸ்பீக்" என்றால், உள்ளதைச் சொன்னால் அவள் பேசவே இல்லை என்று பொருள். "ஷி டிட் நாட் ஸ்பீக் ஃபிராங்க்லி" என்றால், அவள் பேசினாள், ஆனால் மனம் திறந்து பேசவில்லை என்று பொருள். முதல் வாக்கியத்தில் ஒளிவுமறைவு இல்லாதவர் சொல்பவர்; இரண்டாவதில் பேச்சு அவளுடைய வெளிப்படைத்தன்மையைப் பற்றியது. எழுத்தில் காற்புள்ளியும், பேச்சில் சிறு நிறுத்தமும் இந்த வேறுபாட்டைத் தாங்குகின்றன.

நம் மாணவர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது ஆக்சுவலி. வாய் திறந்தவுடன் அது வந்துவிடுகிறது. ஆனால் இச்சொல் பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் எண்ணத்தைத் திருத்துவது: "நீங்கள் நினைப்பது போலன்று" என்னும் குறிப்பு அதில் உண்டு. நேர்முகத் தேர்வில் "எந்த ஊர்?" என்று கேட்டவரிடம் "ஆக்சுவலி, ஐ ஆம் ஃப்ரம் மதுரை" என்றால், அவர் வேறு ஊரை நினைத்திருந்தார் என்பது போல ஒலிக்கக்கூடும். ஊர்ப் பெயரை நேராகச் சொன்னாலே போதும்.

'ஐ ஆம் அஃப்ரெய்ட்' இதைவிட ஏமாற்றும் தொடர். கடைக்காரர் "ஐ ஆம் அஃப்ரெய்ட் வி ஆர் க்ளோஸ்ட்" என்றால் அவருக்கு எந்த அச்சமும் இல்லை. கடை மூடியாயிற்று, வருந்துகிறேன் என்கிறார். மருத்துவர் இத்தொடரோடு பேச்சைத் தொடங்கினால், அடுத்து வருவது நல்ல செய்தியாக இருக்க வாய்ப்பில்லை. 'வித் ரெஸ்பெக்ட்' என்பதும் அப்படியே. சொல்லில் மரியாதை, பின்னால் வருவது மறுப்பு. வழக்கறிஞர்கள் நீதிபதியிடம் மாறுபடும்போது இதை நிரம்பப் பயன்படுத்துவார்கள். அங்கே 'கிரேட்' என்னும் அடையும் சேர்ந்தால் கருத்து வேறுபாடு கூடியிருக்கிறது என்று கொள்ளலாம்.

பிரித்தானியர் நிலைமையைக் குறைத்துச் சொல்லிக் கருத்துரைக்கும் பழக்கமுள்ளவர்கள். 'நாட் பேட்' என்பது அவர்கள் வாயில் பல வேளைகளில் நல்ல பாராட்டு. 'குவைட் குட்' என்பதோ அங்கே "பரவாயில்லை" என்ற அளவில் நிற்கலாம். அமெரிக்கர் அதையே "மிக நன்று" என்று எடுத்துக்கொள்வர். இந்த வேறுபாடு உயிர்களோடு விளையாடியதும் உண்டு. கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படைகள் பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்றைச் சூழ்ந்தன. அதன் தளபதி பிரிகேடியர் பிராடி, மேலதிகாரியான அமெரிக்கத் தளபதியிடம் நிலைமை "எ பிட் ஸ்டிக்கி" என்று தெரிவித்ததாகச் சொல்லப்படுகிறது. கொஞ்சம் இக்கட்டு என்பது அதன் நேர்ப்பொருள். அவர் உணர்த்த விரும்பியது பேராபத்து. அமெரிக்கரோ, சமாளித்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிட்டாராம். குளோஸ்டர்ஷயர் படையணி ஆற்றங்கரைக் குன்றிலேயே சிக்கியது. அதன் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர்.

இச்சொற்களில் ஆங்கிலேயரும் அமெரிக்கருமே சண்டையிட்டுக்கொண்டது ஹோப்ஃபுலி பற்றி. "நம்பிக்கையோடு" என்பது அதன் பழைய பொருள். "நடக்கும் என்று நம்புவோம்" என்ற பொருளில் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவதை 1960களிலிருந்து நடைநூலார் பலர் கண்டித்தனர். லக்கிலியை ஏற்றவர்கள் இதை மட்டும் ஏன் தள்ளினார்கள் என்பதற்கு வலுவான காரணம் இல்லை. அமெரிக்க இதழாளர்கள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு 2012இல் அப்பயன்பாட்டை ஏற்றுக்கொண்டது.