புலன் இணைவு

புலன் இணைவு (சினெஸ்தீசியா) என்பது ஒரு புலன் தூண்டப்படும்போது, தொடர்பில்லாத வேறொரு புலனுணர்வும் தானாகவே எழும் நிலை ஆகும். இந்நிலை உள்ள ஒருவருக்கு, கறுப்பு மையில் அச்சிட்ட 5 என்ற எண் சிவப்பாகத் தோன்றலாம். ஒரு இசைச்சுரம் கேட்டதும் நீலம் தெரியலாம். இது நோய் அன்று, மனப்பிறழ்வும் அன்று. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது. குடும்ப வழியாகவும் வருகிறது. 2006இல் வெளியான ஜூலியா சிம்னர் குழுவினரின் ஆய்வு, ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு வகை புலன் இணைவு இருப்பதாகக் கணித்தது.

வகைகள்

எழுத்து அல்லது எண்ணுடன் நிறம் இணைவது நன்கு ஆராயப்பட்ட வகையாகும். ஒலியுடன் நிறம், சொல்லுடன் சுவை, கிழமைகளுடன் நிறம் இணையும் வகைகளும் உண்டு. "இனிய குரல்", "கசப்பான செய்தி" என்று தமிழில் வழங்குபவை உவமை வழக்குகளே. அவற்றைச் சொல்பவர் நாவில் சுவையை உணர்வதில்லை. புலன் இணைவு உள்ளவரோ உண்மையிலேயே உணர்கிறார்.

மூளையில் நிகழ்வது

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன், எட்வர்ட் ஹப்பர்டுடன் சேர்ந்து 2001இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். எண் வடிவங்களை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் மூளையில் அருகருகே உள்ளன. குழந்தையின் மூளையில் மிகுதியாக இருக்கும் நரம்பு இணைப்புகள் வளரும்போது கத்தரிக்கப்படுகின்றன. இது முழுமையாக நிகழாவிட்டால் ஒரு பகுதியின் தூண்டல் மற்றொன்றையும் இயக்கும் என்பது அவர்கள் கருத்து. இணைப்புகள் எல்லோருக்கும் உள்ளன, அவற்றை அடக்கும் செயல்பாடே சிலரிடம் தளர்ந்துள்ளது என்பது மாற்றுக் கருத்து.

தமிழரிடம் நடந்த சோதனை

ஒன்று வளைவுகளும் மற்றொன்று கூர்முனைகளும் கொண்ட இரு உருவங்களைக் காட்டி, "பூபா" எது, "கிக்கி" எது என்று கேட்பது புகழ்பெற்ற சோதனை. இதன் முன்வடிவத்தை வொல்ஃப்காங் கோலர் 1929இல் வெளியிட்டார். இராமச்சந்திரனும் ஹப்பர்டும் அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் இதனை நடத்தினர். சுமார் 95 விழுக்காட்டினர் வளைந்த உருவத்தைப் "பூபா" என்றனர். ஆங்கில எழுத்துகளின் வடிவமே இதற்குக் காரணம் என்ற ஐயம் எழுந்தது. 2022இல் 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் நடந்த ஆய்வில் 72 விழுக்காட்டினர் அவ்வாறே பொருத்தினர்; வெவ்வேறு எழுத்துமுறைகளிலும் இப்போக்கு காணப்பட்டது. ஒலியையும் வடிவத்தையும் இணைக்கும் திறன் ஓரளவு எல்லோரிடமும் உண்டு என்பதை இது காட்டுகிறது.

கண்டறிதல்

எழுத்துகளுக்குரிய நிறங்களைக் கேட்டுப் பதிந்து, பல மாதங்கள் கழித்து முன்னறிவிப்பின்றி மீண்டும் கேட்பது வழக்கம். புலன் இணைவு உள்ளவர்கள் பெரும்பாலும் அதே விடைகளைத் தருவர், மற்றவர்கள் மாற்றிவிடுவர். இரு எழுத்துமுறைகளை அறிந்த சிலரிடம், ஒத்த ஒலியுள்ள எழுத்துகள் ஒரே நிறம் பெறுவதும் பதிவாகியுள்ளது. தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் தருமபுரி மாவட்டம் போன்ற பகுதிகள் இத்தகைய ஆய்வுக்கு ஏற்றவை.

எழுத்துக்கு நிறம் உண்டு என்று கூறும் குழந்தை கற்பனை செய்வதாகவோ பொய் சொல்வதாகவோ கண்டிக்கப்படலாம். அதனால் பலர் தம் அனுபவத்தை வெளியே சொல்லாமலே வளர்கின்றனர். அக்குழந்தைக்கு மருந்து தேவையில்லை. சொல்வதைப் பெற்றோரும் ஆசிரியரும் நம்பிக் கேட்பதே தேவை.