உங்களுக்குத் தெரியுமா? 10 சென்ட்டில் தொடங்கிய கடன் சங்கம்

மான்ட்ரியலில் 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர், வட்டியாக மட்டும் 5,000 டாலர் கட்டவேண்டும் என்று தீர்ப்பானது. 1897-இல் கனடா நாடாளுமன்றத்தில் இதைக் கேட்ட சுருக்கெழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தெஜார்தான், 1900 டிசம்பரில் கியூபெக்கின் லெவி நகரில் ஒரு கடன் சங்கம் தொடங்கினார். அலுவலகம் அவர் வீடுதான்; அவர் வேலைக்காக ஒட்டாவா போனால் கணக்கைப் பார்த்தவர் மனைவி தோரிமென். 1901 ஜனவரி 23 அன்று விழுந்த முதல் சேமிப்பு 10 சென்ட். அன்று சேர்ந்ததே மொத்தம் 26 டாலர் 40 சென்ட்!

இப்படி உறுப்பினர்களாகச் சேரும் ஏழைகளின் காசை ஏழைகளுக்கே கடனாகக் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து மூழ்கமாட்டார்களா? நியாயமான கேள்விதான். ஆனால் வட்டி எகிறுவதற்குப் பணத் தட்டுப்பாடு மட்டும் காரணமல்ல. தூரத்து வங்கிக்கு ஆளைத் தெரியாது. ஆளைத் தெரிந்த வட்டிக்காரருக்கோ போட்டி கிடையாது. தெஜார்தான் சங்கத்தை ஒரு தேவாலய வட்டாரத்துக்குள் நிறுத்தினார். யார் நாணயஸ்தர் என்பது அக்கம்பக்கத்துக்கு அத்துப்படி. கடன் திரும்பாவிட்டால் போவது தங்கள் சேமிப்பு என்பதால் யோசித்துத்தான் கொடுப்பார்கள். உறுப்பினராக வாங்கவேண்டிய 5 டாலர் பங்கையும் தவணையில் கட்டலாம். கையில் காசே மிஞ்சாதவருக்கு இங்கும் இடமில்லை என்ற குறையை மறுக்க முடியாது. ஆனால் கூலித் தொழிலாளிக்கு இது எட்டியது. 1908-இல் நியூ ஹாம்ஷயரின் மான்செஸ்டரில், ஆலை வேலைக்கு வந்த பிரெஞ்சுக் கனடியர்களுக்காக அமெரிக்காவின் முதல் கடன் சங்கம் தொடங்கியதும் தெஜார்தானின் உதவியோடுதான்.