சிசிக்: புளிப்பை நம்பி நிற்கும் பன்றிக்கறி

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், பம்பாங்கா மாகாணத்தில் பிறந்த பன்றிக்கறிச் சமையல் சிசிக். பன்றியின் காது, கன்னம், மூக்குப் பகுதி ஆகியவற்றை முதலில் வேகவைப்பார்கள். பிறகு கரி நெருப்பில் சுட்டுப் பொடியாகக் கொத்துவார்கள். வெங்காயம், மிளகாய், ஈரல், புளிப்பான பழச்சாறு எல்லாம் சேர்த்து, சீறுகிற இரும்புத் தட்டில் பரிமாறுவார்கள். மூன்று தடவை நெருப்பைப் பார்க்கும் கறி என்றாலும், அதன் உயிர் நெருப்பில் இல்லை, புளிப்பில்தான் இருக்கிறது. வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவதும் அங்கேதான்.

தொடக்கத்தில் சிசிக்கில் கறியே கிடையாது. டியேகோ பெர்கானோ என்ற ஸ்பானியத் துறவி 1732இல் தொகுத்த கப்பம்பங்கான் மொழி அகராதியில் இந்தப் பண்டம் இடம்பெற்றிருக்கிறது. பச்சைப் பப்பாளியையோ கொய்யாக்காயையோ உப்பு, மிளகு, பூண்டு, வினிகர் கலந்து தின்பதாக அதில் விளக்கம் வருகிறது. மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்று வளர்ந்த தமிழ் நாக்குக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பிற்காலத்தில்தான் அந்தப் புளிப்புக் கலவைக்குள் பன்றியின் காதும் தலைக்கறியும் வந்து சேர்ந்தன.

இன்றைய வடிவம் ஏஞ்சலஸ் நகரத்தில் உருவானது. அதை ஒட்டி அமெரிக்க விமானப்படையின் கிளார்க் தளம் இருந்தது. தளத்துச் சமையலறைகளுக்குப் பன்றித் தலையால் பயன் இல்லாததால், அது வெளியே மலிவாகக் கிடைத்தது என்பார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் சுட்ட கறிக்கடை நடத்திய லூசியா குனானன், ‘ஆலிங் லூசிங்’ என்று ஊரே அழைத்த பெண்மணி, 1974 வாக்கில் வெந்த காதையும் கன்னத்தையும் நெருப்பில் சுட்டு, கொத்தி, வெங்காயமும் கலமான்சிச் சாறும் சேர்த்து விற்கத் தொடங்கினார். அதுவரை மெத்தென்று இருந்த பண்டம் மொறுமொறுப்பும் புகைவாசனையும் கொண்டதாக மாறியது. சூடான இரும்புத் தட்டு அதன் பிறகு வந்த ஏற்பாடு. 2017இல் ஏஞ்சலஸ் நகராட்சி சிசிக்கைத் தன் பண்பாட்டு மரபாகவே அறிவித்துவிட்டது.

இந்தியாவில் இதற்கு உறவு தேடினால் மேகாலயாவுக்குப் போக வேண்டும். காசி மக்களின் ‘தோ கிலே’, வெந்த பன்றித் தலைக்கறியைப் பொடியாக நறுக்கி வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி போட்டுப் பிசறும் பண்டம். கரியில் சுடுவது மட்டும் இல்லை. மற்றபடி சிசிக்கின் உடன்பிறப்பு என்றே சொல்லிவிடலாம். கோவாவின் சொர்ப்பொட்டேல் கொஞ்சம் தூரத்து உறவு. அதிலும் கறியும் ஈரலும் வெந்து, பொடியாக நறுக்கப்பட்டு, வறுபட்டு, வினிகரில் ஊறுகின்றன. ஆனால் அது மசாலாக் குழம்பு, இது கிட்டத்தட்ட உலர்ந்த கலவை.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் பன்றிக்கறி புதிதல்ல. நிக்கோபாரி மக்களின் விருந்துகளும் சடங்குகளும் பன்றி இல்லாமல் நடப்பதில்லை. தேங்காயும் தாழம்பழமும் தின்று வளரும் அந்தப் பன்றி, கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தில் தனி இனமாகவே பதிவாகியிருக்கிறது. 2004 ஆழிப்பேரலையில் நிக்கோபாரின் பன்றிகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர்ப் பக்கம் குடியேறிய கரேன் மக்களும், சோட்டாநாக்பூரிலிருந்து காடு வெட்டும் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட, ‘ராஞ்சி’க்காரர்கள் என்று இங்கே அழைக்கப்படும் ஆதிவாசிகளும் பன்றிக்கறி உண்பவர்கள்தான். ஆக, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் சிசிக் செய்ய நினைக்கும் வீட்டுக்கு முதல் பொருளைப் பற்றிய தயக்கம் தேவையில்லை. மற்றச் சாமான்களை அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டைச் சுற்றியுள்ள மளிகை, காய்கறி, பாத்திரக் கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கிவிடலாம்.

நான்கைந்து பேருக்குக் காதும் கன்னமும் 600 கிராம், தோலோடு கூடிய வயிற்றுக்கறி 400 கிராம், கோழி ஈரல் 200 கிராம் போதும். காது கிடைக்காத நாளில் வயிற்றுக்கறியை மட்டும் வைத்தும் செய்யலாம். ஆனால் பல்லில் நறுக்கென்று உடையும் குருத்தெலும்பு இருக்காது. பாதி சுவை அதில்தான். காதிலும் கன்னத்திலும் ஒட்டியிருக்கும் முடியை அடுப்புத் தீயில் வாட்டி, கத்தியால் சுரண்டி, கல்லுப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். காதின் உட்குழியைக் கீறித் திறந்து சுத்தம் செய்யாமல் விட்டால் எவ்வளவு மிளகு போட்டாலும் வாடை போகாது.

வேகவைக்கும் தண்ணீரில் உப்பு, நசுக்கிய பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை போடுவது வழக்கம். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 20 நிமிடம் வைக்கலாம். தோலில் கத்தி சிரமமில்லாமல் இறங்க வேண்டும். குருத்தெலும்பு கரைந்துபோகக் கூடாது. இந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டுப் பச்சைக்கறியை நேரே சுடும் குறுக்குவழியும் சிலரிடம் உண்டு. அது வேண்டாம். பன்றிக்கறியில் நாடாப்புழுவின் கூடுகள் இருக்கக்கூடும். உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி முழுதாக வெந்தால்தான் பயமில்லை. அரைகுறையாகச் சுட்ட கறியில் மேல் கருகியிருக்க உள்ளே பச்சையாகவே இருக்கும்.

வெந்த கறியை வடித்து, ஈரம் போகத் துடைத்து, ஒரு மணி நேரம் காற்றாட வைத்தபிறகே கரியில் போட வேண்டும். தீவுகளில் கொட்டாங்குச்சிக்குப் பஞ்சமில்லை, அதன் கரி நின்று எரியும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கொழுப்பு உருகிச் சொட்டி, அங்கங்கே கருமை படியும்வரை சுடுவார்கள். மாடிவீட்டில் கரி அடுப்பு முடியாதென்றால், கனமான வாணலியில் எண்ணெய் விடாமல் போட்டு அதன் கொழுப்பிலேயே பொரியவிடலாம். புகைவாசனை கிடைக்காது, மொறுமொறுப்பு கிடைத்துவிடும். ஈரலையும் தனியாகச் சுட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கொத்துவது. இதை மிக்ஸியில் போட்டு அரைக்கிறவர்கள் கறிப்பசைதான் சாப்பிடுவார்கள். கனமான கத்தியும் மரப்பலகையும் வேண்டும். கொத்துப் பரோட்டா தயாராகும் வேகத்தில் கொத்தினால் போதும் என்று நினைக்கக் கூடாது. துண்டு ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டருக்குள், ஆனால் துண்டாகத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். தோல், கொழுப்பு, சதை, குருத்தெலும்பு நான்கும் ஒரே வாயில் வரவேண்டும் என்பதுதான் கணக்கு. ஈரலை மட்டும் நன்றாக மசித்துவிடலாம். அதுதான் கலவையைச் சேர்த்துப் பிடிக்கும்.

கலமான்சி என்பது பெரிய கோலிக்குண்டு அளவுள்ள, எலுமிச்சையின் புளிப்பும் கமலா ஆரஞ்சின் வாசனையும் கலந்த பழம். அது கையில் கிடைக்காவிட்டால் மூன்று பங்கு எலுமிச்சைச் சாற்றுக்கு ஒரு பங்கு கமலாச் சாறு சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிடும். மேலே சொன்ன கறிக்கு நான்கைந்து எலுமிச்சை தேவைப்படும். இதோடு இரண்டு மேசைக்கரண்டி தென்னை வினிகர், அதே அளவு சோயா சாஸ், நிறைய மிளகுத்தூள். பிலிப்பைன்ஸில் கரும்பு, தென்னை, நீப்பாப்பனை என்று பலவற்றிலிருந்து வினிகர் எடுக்கிறார்கள். அந்த நீப்பாப்பனை அந்தமானின் உப்பங்கழிகளிலும் வளர்கிறது. 200 கிராம் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, காந்தாரி மிளகாய் எட்டோ பத்தோ கிள்ளிப் போட வேண்டும். வெங்காயத்தை வதக்கக் கூடாது. பச்சையாக இருந்தால்தான் கொழுப்பின் திகட்டல் குறையும்.

இரும்புத் தட்டுக்குப் பதில் தோசைக்கல் தாராளமாகப் போதும். பழைய இரும்புக்கல்லாக இருந்தால் இன்னும் நல்லது. ஒட்டாத பூச்சுள்ள கல் இந்தச் சூட்டுக்குச் சரிப்படாது. கல் புகைவரும்வரை காய்ந்ததும் கறியைப் பரப்பி, அடியில் பொன்னிறப் பொருக்கு கட்டும்வரை கிளறாமல் விட வேண்டும். ஈரல், வெங்காயம், மிளகாய், சோயா சாஸ், வினிகர் சேர்த்து ஒரு புரட்டு. எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். கொதிக்கும் கல்லில் ஊற்றினால் வாசனையெல்லாம் ஆவியாகி, வெறும் புளிப்பு மட்டும் தங்கும்.

நகரத்து உணவகங்கள் பலவும் இதன்மேல் முட்டையை உடைத்து ஊற்றி, மயோனைஸும் கலக்கின்றன. பன்றி மூளை சேர்த்த பழைய முறையின் வழவழப்புக்கு மாற்றாகவே மயோனைஸ் வந்தது என்று சொல்வார்கள். பம்பாங்காவின் பழமைவிரும்பிகள் இரண்டையும் ஏற்பதில்லை. நியாயம் அவர்கள் பக்கம்தான் என்று தோன்றுகிறது. ஈரல் சரியாக மசிந்திருந்தால் மயோனைஸுக்கு அங்கே வேலையே இல்லை, அது புளிப்பையும் மழுங்கடிக்கும். முட்டை சிலருக்குப் பிடிக்கும், கெடுதல் இல்லை.

பிலிப்பைன்ஸில் சிசிக் முதலில் பீருக்குத் துணை, அப்புறம்தான் சோற்றுக்கு. வெள்ளைச் சோற்றோடு வீட்டார் அனைவரும் உண்ணலாம். பன்றிக்கறி தொடாத வீடுகளுக்கும் வழி உண்டு. அந்நாட்டில் பால்மீனிலும் சூரையிலும் கணவாயிலும் சிசிக் செய்கிறார்கள். அந்தமான் கடலில் சூரைக்கும் கணவாய்க்கும் குறைவில்லை. சூரையைச் சுட்டு உதிர்த்து, ஈரலை விட்டுவிட்டு, மற்றவற்றை அப்படியே சேர்க்கலாம். கணவாயை மட்டும் பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வைத்தால் ரப்பராகிவிடும்.

மிஞ்சிய பன்றிக்கறியை வெங்காயம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் கல்லில் சூடாக்கும்போது வெங்காயம், மிளகாய், எலுமிச்சை மூன்றையும் புதிதாகவே சேர்க்க வேண்டும்.