பெயர்ப் பலகை இல்லாத கல்லறைக்கு யார் காவல்? அமெரிக்கச் சட்டத்தை மாற்றிய ஒரு தாய், குழந்தையின் எலும்புகள்

1971. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிளென்வுட் என்ற சிற்றூர். சாலைப் பணிக்காக மண்ணை வெட்டியபோது, யாருக்கும் நினைவில்லாத ஒரு பழைய இடுகாடு தட்டுப்பட்டது. உள்ளே 26 வெள்ளையினக் குடியேறிகளின் எலும்புகள். கூடவே, ஒரு செவ்விந்தியப் பூர்வகுடித் தாயும் அவரது குழந்தையும்.

26 பேரும் உள்ளூர் இடுகாட்டில் மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டார்கள். தாயும் குழந்தையும் மட்டும் ஆய்வுக்காக அனுப்பி வைக்கப்பட்டார்கள். ஒரே குழியில் கிடைத்த எலும்புகள், ஆனால் ஒன்றுக்கு மரியாதை, இன்னொன்றுக்கு ஆய்வகம்!

நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்த ஒருவர் இதை வீட்டில் போய்ச் சொல்கிறார். அவருடைய மனைவி மரியா பியர்சன், யாங்க்டன் பூர்வகுடியைச் சேர்ந்தவர். பாரம்பரிய உடை அணிந்து நேராக ஆளுநர் ராபர்ட் ரே அலுவலகத்துக்கே போய்விட்டார். என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது அவர் கேட்டது இரண்டே விஷயம்: எங்கள் மக்களின் எலும்புகளைத் திருப்பிக் கொடுங்கள், இனிமேல் தோண்டுவதை நிறுத்துங்கள்.

அப்போ சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது?

சட்டம் இருந்தது. ஆனால் அது கல் நட்டு, வேலி போட்டு, பதிவேட்டில் இடம்பிடித்த இடுகாடுகளுக்குத்தான் பயன்பட்டது. அடையாளம் இல்லாத புதைகுழி என்றால், நடைமுறையில் அது நிலத்துக்காரரின் மண்ணில் கிடக்கும் ஒரு பொருள் மாதிரிதான். பூர்வகுடிகள் கல்லறை மேல் பெயர் பொறித்த கல் நட்டு வைப்பது வழக்கமில்லை. சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட பிறகு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை. பாதுகாப்பு யாருக்கு இல்லாமல் போனது என்பது புரிகிறது, இல்லையா?

மரியா பியர்சன் விடவில்லை. ஐந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1976-ல் அயோவா ஒரு சட்டம் கொண்டுவந்தது. 150 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான மனித எச்சம் எங்கே கிடைத்தாலும், அது தனியார் நிலமாகவே இருந்தாலும், பாதுகாப்பு உண்டு. பொறுப்பு மாநிலத் தொல்லியலாளருக்கு. மறுஅடக்கத்துக்கென்று தனி இடமும் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த வகையில் இதுதான் முதல் சட்டம்.

பத்தாயிரம் டாலருக்கு ஒரு இடுகாடு

மற்ற மாநிலங்கள் அவ்வளவு வேகம் காட்டவில்லை. 1987-ல் கென்டக்கியில் நடந்ததுதான் பலரை உலுக்கியது. ஓஹியோ ஆற்றங்கரையில் ஸ்லாக் பார்ம் என்ற பண்ணை. ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே மக்கள் வாழ்ந்த ஊர் அதன் அடியில் இருக்கிறது. 10 பேர் சேர்ந்து நில உரிமையாளருக்கு 10,000 டாலர் கொடுத்து, தோண்டும் உரிமையை வாங்கினார்கள். குத்தகைக்கு நிலம் எடுப்பது மாதிரி! டிராக்டரோடு இறங்கி, கல்லறைப் பொருட்களைத் தேடி 450-க்கும் மேற்பட்ட குழிகள் வெட்டினார்கள். எலும்புகள் வெளியே சிதறிக் கிடந்தன.

போலீஸ் வந்து தடுத்தது. ஆனால் அன்றைய கென்டக்கி சட்டப்படி இது சிறு குற்றம்தான். பிறகுதான் அதைக் கடும் குற்றமாக மாற்றினார்கள்.

இந்தக் கோபமெல்லாம் சேர்ந்து, 1990 நவம்பரில் தேசிய அளவில் 'நாக்ப்ரா' சட்டம் வந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் கல்லறைப் பாதுகாப்பு மற்றும் திருப்பி அளித்தல் சட்டம் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் நிதி பெறும் அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் தங்களிடம் உள்ள எலும்புகளைப் பட்டியல் போட்டு, உரிய சமூகத்திடம் திருப்பித் தர வேண்டும். மத்திய அரசு நிலத்திலும் பூர்வகுடி நிலத்திலும் கல்லறைகளுக்குப் பாதுகாப்பு.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எந்தச் சமூகத்துடையது என்று அடையாளம் காண முடியவில்லை என எழுதிவிட்டால், எலும்புகள் அலமாரியிலேயே இருக்கலாம். பல நிறுவனங்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தின. 30 ஆண்டுகள் கழித்தும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் திரும்பிப் போகவில்லை. 2024 ஜனவரியில் அமலான புதிய விதிகள்தான் இந்தக் கதவை அடைத்தன. பூர்வகுடிகளின் வாய்மொழி அறிவையும் சான்றாக ஏற்க வேண்டும், காட்சிக்கு வைக்கும் முன் ஒப்புதல் வாங்க வேண்டும், பட்டியலை ஐந்தாண்டுக்குள் முடிக்க வேண்டும். அதே மாதம் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு பெரிய கூடங்களை மூடியது.

தனியார் நிலம் மட்டும் இன்னும் மாநிலச் சட்டத்தின் கையில்தான். அதாவது, நீங்கள் எந்த மாநிலத்தில் புதைக்கப்பட்டீர்கள் என்பது முக்கியம்.

நம்ம ஊரில்?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-வது பிரிவு, இடுகாட்டில் அத்துமீறுவதையும் சடலத்தை அவமதிப்பதையும் தண்டிக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பிறர் மனதையோ மதத்தையோ புண்படுத்தும் நோக்கம், அல்லது புண்படும் என்ற அறிதல் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும் ஜேசிபி ஓட்டுநருக்கு அந்த நோக்கம் எங்கே இருக்கப்போகிறது?

1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். முதுமக்கள் தாழியில் தங்கம் இருந்தால் இந்தச் சட்டம் பேசும். உள்ளே இருக்கும் எலும்புக்கு என்ன விலை போடுவது?

ஆதிச்சநல்லூரில் 1876-ல் தோண்டிய ஜெர்மானியர் பியோதர் ஜாகோர், கிடைத்தவற்றை பெர்லினுக்கு எடுத்துச் சென்றார். யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டிய கட்டாயம் அன்று அவருக்கு இல்லை. இந்தியாவில் நாக்ப்ரா போன்ற ஒரு சட்டம் இன்றுவரை இல்லை.