டவுன்லோடு பறக்குது.. அப்லோடு மட்டும் தவழுதா? வீட்டு ஃபைபர் இணைப்பில் கோளாறு எங்கே இருக்கிறது? கண்டுபிடிப்பது எப்படி?

வீடியோ மீட்டிங்கில் எதிரில் இருப்பவர்கள் பளிச்சென்று தெரிகிறார்கள். ஆனால் அவர்களோ, “உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது, வீடியோ அப்படியே நிக்குது” என்கிறார்கள். யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. அதே வீட்டில் ஆபீஸ் ஃபைல் ஒன்றை அனுப்பினால் அரை மணி நேரம் சுற்றுகிறது. இவை எல்லாம் அப்லோடு வேகம் குறைந்ததற்கான அறிகுறிகள். ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் வேலையே கைநழுவிப் போகலாம்.

கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், “எங்க சைடுல லைன் நல்லாத்தான் இருக்கு, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே லைனில் இருக்கிறதா என்பதை நீங்களே பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஒரு லேன் கேபிளும் பத்து நிமிடமும் போதும்.

முதலில் பிளானைப் பாருங்க

விளம்பரத்தில் ‘100 எம்பிபிஎஸ்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் டவுன்லோடு வேகத்தைத்தான். பல ஃபைபர் பிளான்களில் அப்லோடும் அதே அளவு கிடைக்கும். ஆனால் எல்லா பிளானிலும் அப்படி இல்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு மாற்றியமைத்த ‘பிராட்பேண்ட்’ வரையறைகூட, குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதனால் உங்கள் பிளானில் அப்லோடு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொரு குழப்பம், பிட் மற்றும் பைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் போகும். 1 ஜிபி வீடியோவை அனுப்ப சுமார் 80 நொடி ஆகும். அப்லோடு 10 எம்பிபிஎஸ் மட்டுமே என்றால் அதே வீடியோவுக்கு 13 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

‘அன்லிமிடெட்’ என்று சொல்லும் பல பிளான்களிலும் மாதத்துக்கு 3300 ஜிபி போன்ற வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் வேகம் அடியோடு குறையும். அப்லோடு செய்வதும் இந்தக் கணக்கில் சேரும்.

எல்லாவற்றையும் சொல்லிவிடும் லேன் டெஸ்ட்

லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேரடியாக ரவுட்டரில் இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையையும் விபிஎன் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். வீட்டில் மற்ற போன், டிவி, கேமரா எல்லாவற்றையும் வைஃபையில் இருந்து துண்டியுங்கள். அருகில் உள்ள நகரத்தின் சர்வரைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள்.

* கேபிளில் அப்லோடு சரியாக வந்து, வைஃபையில் குறைந்தால் சிக்கல் வைஃபையில்.
* மற்ற சாதனங்களைத் துண்டித்ததும் வேகம் ஏறினால், வீட்டில் ஏதோ ஒரு சாதனம் லைனைப் பிடித்து வைத்திருக்கிறது.
* கேபிளில், வேறு எதுவும் இணையாதபோதும் குறைவாகவே இருந்தால், சிக்கல் ரவுட்டரிலோ வெளியே லைனிலோ இருக்கலாம்.
* வேகம் 94, 95 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாமல் அப்படியே நின்றால், ரவுட்டர் அல்லது லேப்டாப்பின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். அல்லது லேன் கேபிள் பழுதாகியிருக்கலாம். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளுக்கு மாற்றிப் பாருங்கள்.

வைஃபை என்றால் என்ன செய்வது?

ரவுட்டரை விட போனின் சிக்னல் சக்தி குறைவு. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ரவுட்டருக்குச் சரியாகக் கேட்காது. அதனால்தான் தூரமான அறையில் டவுன்லோடு சமாளித்தாலும் அப்லோடு முதலில் சரிகிறது.

ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலை பார்க்க முடிந்தால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அபார்ட்மென்ட்டில் இருபது வீட்டு வைஃபையும் அந்த மூன்றில்தான் நெரிசல் படுகின்றன. ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோவுக்கு மேலேயும் வைக்காமல், திறந்த இடத்தில் உயரமாக வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

சத்தமில்லாமல் அப்லோடு செய்வது யார்?

சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பி, போன்கள் வைஃபையில் இணைந்ததும், அன்று எடுத்த போட்டோ, வீடியோக்கள் எல்லாம் தானாக பேக்கப் ஆகத் தொடங்கும். லேப்டாப்பின் கிளவுட் ஃபோல்டரும் சேர்ந்துகொள்ளும்.

கிளவுடில் பதிவு செய்யும் சிசிடிவி கேமரா இன்னும் பெரிய ஆள். 24 மணி நேரமும் 2 எம்பிபிஎஸ் அனுப்பும் ஒரே ஒரு கேமரா ஒரு நாளைக்கு சுமார் 21 ஜிபி, மாதத்துக்கு சுமார் 650 ஜிபி அப்லோடு செய்கிறது. நான்கு கேமரா இருந்தால், 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 8 அங்கேயே காலி.

அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் அடிவாங்கும். ஒவ்வொரு டேட்டா வந்ததும் ‘கிடைச்சுது, அடுத்ததை அனுப்பு’ என்று உங்கள் சாதனம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் போவதும் அப்லோடு வழியில்தான். பேக்கப்பை நள்ளிரவுக்கு மாற்றுங்கள். கேமராவில் மெமரி கார்டு பதிவையோ, அசைவு இருந்தால் மட்டும் பதிவாகும் வசதியையோ தேர்ந்தெடுங்கள்.

வெளியே லைனில் என்ன நடக்கும்?

வீட்டுக்கு வரும் ஃபைபர் உங்களுக்கு மட்டுமானது போலத் தெரியும். ஆனால் பரவலாக உள்ள ஜிபிஓஎன் முறையில், நிறுவனத்தில் இருந்து வரும் ஒரே இழை ஸ்பிளிட்டர் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு அதில் பாதி, சுமார் 1.25 ஜிபிபிஎஸ். அப்லோடில் ஒவ்வொரு வீட்டு மோடமும் தனக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் ஒளியை அனுப்ப வேண்டும். ஏதோ ஒரு வீட்டில் பழுதான மோடம் முறை தவறி அனுப்பினால், பக்கத்து வீடுகளின் அப்லோடும் கெடும். அதே இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். காலையில் நன்றாக இருந்து, இரவில் மட்டும் குறைந்தால் நெரிசல் காரணமாக இருக்கலாம்.

ரவுட்டர் செட்டிங்ஸில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஒளி பலவீனம். கேபிள் கூர்மையாக மடங்கியிருக்கலாம், கனெக்டரில் தூசி படிந்திருக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அது உங்கள் வீட்டுக்கு வரும் ஒளியின் அளவு மட்டும்தான். உங்கள் மோடம் அனுப்பும் ஒளி அங்கே எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது நிறுவனத்தின் பக்கம்தான் தெரியும். டெக்னீஷியன் வந்தால், “அப்ஸ்ட்ரீம் பவர் எவ்வளவு வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். ஃபைபர் முனையை நீங்களே கழற்ற வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, முனைக்குள் உற்றுப் பார்ப்பது ஆபத்து.

புகாரை எப்படிச் செய்வது?

‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொன்னால் புகார் நிற்காது. லேன் கேபிளில் காலை, மாலை, இரவு என மூன்று நாள் எடுத்த ஸ்பீடு டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட்களைத் தேதி, நேரத்துடன் வைத்துக்கொள்ளுங்கள். புகார் செய்ததும் டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு திருப்தி இல்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். இதற்கு டிராய் விதிமுறையில் இடம் உண்டு. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம்.

அடுத்த முறை “எங்க சைடுல லைன் நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னால், “லேன்ல போட்டுப் பார்த்துட்டேன், மூணு நாள் ரிசல்ட் கையில இருக்கு” என்று நீங்கள் பதில் சொல்லலாம்.